யன்னல் இல்லாத யன்னல் இருக்கைக்குக் காசு வாங்குகிறவர்களுக்கு

கட்டுநாயக்காவில் இருந்து பறக்கிற விமானங்களின் இருக்கை வரைபடத்தையும் இருக்கைக் கட்டணத்தையும் தீர்மானிக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

இரண்டு கிழமைக்கு முன் உங்களில் ஒரு நிறுவனத்திடம் இருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "யன்னல் இருக்கை என்பது விமானச் சுவரை ஒட்டிய இருக்கையைக் குறிக்கும். வெளிக்காட்சிக்கு உத்தரவாதம் இல்லை. கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது." மூன்றே வரி. யன்னலே இல்லாத இருக்கைக்கு யன்னல் கட்டணம் வாங்கியதைப் பற்றி நான் எழுதியது ஒன்றரைப் பக்கம், படமும் சேர்த்து அனுப்பியிருந்தேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. இது அவர்களோடு மட்டும் முடிகிற விடயம் இல்லை, உங்கள் எல்லாருக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது, அதனால்தான் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் விமான ரிக்கெற் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறவன். 14 வருடமாக இதே வேலை. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி என்று சுற்றுவட்டாரச் சனங்கள் வளைகுடாவுக்கோ சென்னைக்கோ போவதென்றால் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். கடவுச்சீட்டு, விசா, எத்தனை கிலோ கொண்டு போகலாம் எல்லாம் கேட்டு முடித்து, எழும்பப் போகிற நேரத்தில் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்பார்கள்: "யன்னல் பக்கம் கிடைக்குமோ?" வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போகிற அக்காவும் கேட்பா, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற தாத்தாவும் கேட்பார். முன்பெல்லாம் சும்மா போட்டுக் கொடுக்கலாம். இப்போது நிறையப் பேர் அதற்குத் தனிக் காசு வாங்குகிறீர்கள். சரி, வாங்குங்கள். காசு கொடுத்தாவது யன்னல் பக்கம் இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களை ஒருநாளும் வேண்டாம் என்று மறித்ததில்லை.

இந்தப் பங்குனியில் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், கண் வைத்தியத்துக்கு. அம்மாவுக்கு 71 வயது, அதுதான் அவ ஏறுகிற முதல் விமானம். ஒரு கண்ணில் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது, மற்றக் கண் இப்போதைக்குப் பரவாயில்லை. ரிக்கெற் போடுகிற அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டா, "தம்பி, பிளேன் அந்தக் கடலுக்கு மேலாலதானே போகும்?" எந்தக் கடல் என்று நான் கேட்கவில்லை. 1990இல் திருகோணமலையை விட்டு வெளிக்கிட்டு, கால்நடையும் லொறியுமாக மன்னாருக்குப் போய், அங்கேயிருந்து இரவோடு இரவாக வள்ளத்தில் இராமேஸ்வரம் பக்கம் போனோம். எனக்கு அப்போது ஆறு வயது. வள்ளக்காரர் எங்களை ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார், விடியும் வரை அதிலேதான் நின்றோம். சுற்றிவரத் தண்ணீர், எந்தப் பக்கம் கரை என்று தெரியாது. அம்மாவுக்கு அந்த மணல்திட்டை ஒருதரம் பகலில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வள்ளத்தில் போய்ப் பார்க்க இனி அவவுக்கு ஏலாது.

எந்தப் பக்கம் இருந்தால் தெரியும் என்று நான் வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். கட்டுநாயக்காவும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் தெற்கு வடக்காக இருக்கின்றன. வடக்கே போகிறபோது மன்னார்த் தீவு, தலைமன்னார், அங்கேயிருந்து தனுஷ்கோடி வரைக்கும் கோர்த்தாற்போல் கிடக்கிற மணல்திட்டுகள் எல்லாம் இடப்பக்கம் வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி வலப்பக்கம். அதனால் இடப்பக்க யன்னல் இருக்கை, காலை விமானம், முகில் குறைந்த மாதம். எல்லாம் பார்த்து, 3,200 ரூபா கூடக் கட்டி எடுத்தேன். உங்கள் இருக்கை வரைபடத்தில் அவசர வாசல் எது, கால் நீட்ட இடம் உள்ளது எது, கைக்குழந்தைத் தொட்டில் வைக்கிற வரிசை எது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி இருந்தது. நான் எடுத்த இருக்கையில் ஒரு குறியும் இல்லை, அதில் குறை ஒன்றுமில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

இரவு முழுக்க வான் வண்டியில், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வந்து, விடிய முதல் கட்டுநாயக்காவில் இறங்கி, ஒருவழியாக விமானத்தில் ஏறினால், அம்மாவின் இருக்கைக்குப் பக்கத்தில் யன்னல் இல்லை. வெறும் சாம்பல் வெள்ளைப் பிளாஸ்ரிக் சுவர். முன் வரிசைக்கு இருக்கிறது, பின் வரிசைக்கு இருக்கிறது, எங்கள் வரிசையில் யன்னல் வர வேண்டிய இடத்தில் வழவழவென்று மூடிக் கிடக்கிறது. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. முன்னால் இருந்தவர் தன் யன்னலின் மூடியை மேலே தள்ளித் திறந்ததைப் பார்த்திருந்தா. அதுபோல இதற்கும் ஒரு மூடி இருக்கும் என்று நினைத்து, அந்தச் சுவரில் இரண்டு தகடு பொருந்துகிற கோட்டில் நகத்தை வைத்து மேலேயிருந்து கீழே வரை தடவித் தடவிப் பார்த்தா. பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, இது எப்படித் திறக்கிறது?" என்று கேட்டா.

நான் என்ன சொல்ல? பணிப்பெண்ணிடம் கேட்டேன். அந்தப் பிள்ளை பாவம், விமானம் நிரம்பிவிட்டது, மாற்றித் தர இடமில்லை என்று உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னா. அவவில் எந்தப் பிழையும் இல்லை. புறப்பட்டு அரை மணித்தியாலத்துக்குள் மன்னாரைக் கடந்திருப்போம். அம்மா முன் இருக்கைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இரண்டு விரல் இடைவெளிக்குள் நெற்றியை வைத்து, முன்னால் இருந்தவரின் யன்னலில் கொஞ்சமாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தா. இறக்கையின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்ததாம். பிறகு அவர் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று மூடியை இறக்கிவிட்டார், அது அவருடைய உரிமை. திரும்பி வந்தது இரவு விமானம்.

இதைச் சொன்னால் "விமானத்தின் கட்டமைப்பு அப்படி" என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். கட்டமைப்பைப் பற்றி வந்த பிறகு தேடிப் படித்தேன், வாசிக்க வாசிக்க எனக்கு அந்தப் பொறியியலாளர்கள்மேல் மரியாதைதான் கூடியது. 1952இல் சேவைக்கு வந்த கொமெற் விமானம், உலகத்தின் முதல் ஜெற் பயணிகள் விமானம், 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு தரம் நடுவானில் உடைந்து விழுந்தது. அதே வகை விமானத்தின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிப் பார்த்தபோது, யன்னல் போல வெட்டிய திறப்புகளின் மூலைகளில் அழுத்தம் குவிந்து வெடிப்பு விடுவது தெரிந்தது. இன்றைக்கு நாங்கள் பார்க்கிற யன்னல்களின் மூலை எல்லாம் வளைந்திருப்பதற்குப் பின்னால் அந்த உயிர்கள் இருக்கின்றன. யன்னலில் மூன்று தகடு இருக்கிறது, வெளியில் இருப்பதுதான் அழுத்தத்தைத் தாங்குகிறது, நடுத் தகட்டின் அடியில் ஊசித் துளை அளவில் ஓர் ஓட்டை இருக்கிறது, அது வெளித் தகட்டுக்கும் நடுத் தகட்டுக்கும் இடையில் உள்ள அழுத்தத்தை விமானத்தின் உள் அழுத்தத்தோடு சமப்படுத்துகிறது, பனி படியாமலும் பார்த்துக்கொள்கிறது. அந்த ஓட்டையைச் சுற்றிச் சில நேரம் பனி பூப்போலப் பிடித்திருக்கும், கடைக்கு வருகிற பிள்ளைகள் அதைப் படம் எடுத்து வந்து "அங்கிள், கண்ணாடி ஓட்டையாப் போச்சு" என்று காட்டியிருக்கிறார்கள். இனி அவர்களுக்குச் சரியான பதில் சொல்வேன்.

ஆகவே எல்லா இடத்திலும் யன்னல் வைக்க ஏலாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கிற குளிரூட்டியில் இருந்து காற்றைக் கூரைக்குக் கொண்டு போகிற குழாய் பக்கச் சுவருக்குள்ளால்தான் ஏற வேண்டும், அது ஏறுகிற இடத்தில் யன்னல் வைக்க முடியாது. போயிங் 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால் அப்படி ஓர் இடம் உண்டு. சரி, அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு விமானம் வாங்குகிற அன்றே தெரியும்தானே? அந்த வரிசையின் எண் உங்களுக்குத் தெரியும். பறக்கிற ஒவ்வொரு நாளும் அந்த இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் போகிறார் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டு, வரைபடத்தில் ஒரு குறியும் போடாமல், யன்னலுள்ள இருக்கைக்கு வாங்குகிற அதே காசை வாங்குவதைத்தான் நான் ஏற்கவில்லை. குழாயைப் போட்டவர் பொறியியலாளர், விலையைப் போட்டவர் நீங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. யன்னல் உள்ள வரிசைகளிலும் அது தோளுக்குப் பின்னாலோ முன் இருக்கையின் முதுகுக்கு நேராகவோதான் பாதி நேரம் வருகிறது. விமானத்தின் உடம்பு விலா எலும்புபோல வளைய வளையமாகச் சட்டம் வைத்துக் கட்டியது, இரண்டு சட்டத்துக்கு நடுவில்தான் யன்னல் வரும். 737இல் யன்னலுக்கு யன்னல் 20 அங்குலம், எயார்பஸ் ஏ320இல் 21 அங்குலம். அது மாறாது. ஆனால் இருக்கைக்கு இருக்கை எத்தனை அங்குலம் என்பதை முடிவு செய்கிறவர்கள் நீங்கள்தான். 737இல் 30 அங்குலம் வைத்தால் மூன்று யன்னலுக்கு இரண்டு வரிசை என்று ஒரு கணக்காவது வரும். ஒரு வரிசை கூடச் செருக வேண்டும் என்று 29 ஆக்கினால் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அங்குலம் நழுவி, பத்து வரிசை தாண்டினால் அரை யன்னல் தூரம் தள்ளிப் போய்விடும். வரிசை குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை, உங்களுக்கும் வருமானம் வேண்டும். எந்த வரிசைக்கு யன்னல் எங்கே விழுகிறது என்று உங்களிடம் கணக்கு இருக்கிறது, அதைக் காசு கொடுக்கிறவருக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் குறை எங்களுக்கு மட்டும் உள்ளதும் இல்லை. அமெரிக்காவில் 2025 ஓகஸ்டில் யுனைற்றட், டெல்ற்றா என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள்மேல் இதே விடயத்துக்கு, யன்னல் இல்லாத இருக்கையை யன்னல் இருக்கை என்று விற்றதற்கு, பயணிகள் வழக்குப் போட்டார்கள். அங்கேயுள்ள வேறு சில நிறுவனங்கள் இருக்கை தெரிவு செய்கிற இடத்திலேயே "இங்கே யன்னல் இல்லை" என்று காட்டுகின்றன. ஆக, அது ஏலாத காரியம் இல்லை. மூதூரில் இருந்து பஸ் ஏறி வருகிற ஒருவர் உங்கள்மேல் வழக்குப் போடப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வேறொரு கதை. மூதூர்த் தம்பி ஒருவர் மூன்று வருடம் வளைகுடாவில் வேலை செய்துவிட்டுப் போன வருடம் திரும்பி வந்தார். வந்த விமானம் போயிங் 787. 2011இல் சேவைக்கு வந்த விமானம் அது, உடம்பு கார்பன் இழையில் செய்தது, அதனால் யன்னலைப் பெரிதாக வைக்க முடிந்திருக்கிறது, ஏறக்குறைய 47 சென்ரிமீற்றர் உயரம். நடு இருக்கையில் இருக்கிறவருக்கும் வெளியே தெரிகிற மாதிரியான யன்னல். ஆனால் அதில் மூடி கிடையாது, பட்டனை அமத்தினால் கண்ணாடியே கருநீலமாக இருட்டும், அந்த இருட்டை விமானப் பணியாளர்கள் ஒரே இடத்தில் இருந்து எல்லா யன்னலுக்கும் பூட்டியும் வைக்கலாம். பகல் பயணம், ஆனால் முழு வழியும் பூட்டியே வைத்திருந்தார்களாம். "சூரியனே நீலமா ஒரு பொட்டு மாதிரித்தான் தெரிஞ்சது நானா. ஊர்க் கரை வருகுதா எண்டு பார்க்கப் பட்டனை அமத்தி அமத்திப் பார்த்தன், அது அசையவே இல்லை" என்று கடையில் வந்து சொன்னார். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்தான் வெளிச்சம் விட்டார்களாம், அதற்குள் கடல் முடிந்து தென்னந்தோப்பு வந்துவிட்டது. மூன்று வருடம் அந்த வெயிலில் நின்று உழைத்தவருக்குக் கடலில் இருந்து கரை எழும்பி வருகிறதைப் பார்க்க ஐந்து நிமிடம் கொடுத்திருக்கலாம். நித்திரை கொள்கிறவர்கள் இருப்பார்கள், திரையில் படம் பார்க்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக நடுவில் இருட்டாக்குங்கள். முழு வழியும் ஏன்?

உள்பக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் கையால் தொடுகிற தகடு அழுத்தம் தாங்குகிற தகடு இல்லை, மற்ற இரண்டிலும் கீறல் விழாமல் காப்பாற்ற வைத்தது. எத்தனை விமானங்களில் அது கீறிக் கீறி மங்கி, முந்திய பயணியின் தலை எண்ணெய் படிந்து, வெயில் பட்டதும் பால் ஊற்றினாற்போல் வெளுத்துப் போய்க் கிடக்கிறது! துடைக்க ஒரு துணி போதும்.

யன்னலில் என்ன இருக்கிறது, ஒன்றரை மணித்தியாலப் பயணம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஒருமுறை வேலை விடயமாக எங்கள் ஊர்ச் சீனக்குடா விமான நிலையத்துக்கு ஒரு சின்ன விமானத்தில் வந்து இறங்கினேன். இறக்கை மேலே இருக்கிற விமானம், கீழே பார்க்க ஒன்றும் மறைக்காது. நான் வாழ்கிற ஊர்தான். ஆனால் கொட்டியாரக் குடாவுக்குள் மகாவலி வந்து கலக்கிற இடத்தில் தண்ணீர் மண் நிறமாக விரிந்து, பிறகு பச்சையாகி, பிறகு நீலமாகிறதை அன்றைக்குத்தான் கண்டேன். வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் வட்டம் வட்டமாகக் கிடக்கின்றன. கிண்ணியாப் பாலம் ஒரு கோடு. கோணேசர் கோயில் நிற்கிற மலை கடலுக்குள் நீட்டிய முழங்கை மாதிரி. உள்துறைமுகம் எவ்வளவு ஆழமாக நிலத்துக்குள் வளைந்து வந்திருக்கிறது, எல்லா நாட்டுக் கப்பல்காரனும் இதற்காக ஏன் அடிபட்டான் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கியது. இறங்கிய பிறகு வீட்டுக்குப் போய் முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். அந்தக் கடலை மேலேயிருந்து பார்க்கலாம் என்ற ஆசை அவவுக்கு அன்றைக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

யன்னலின் பெறுமதி உங்களுக்கு நன்றாகத் தெரியும். எமிரேட்ஸ் நிறுவனம் 2017இல் தன் 777 விமானத்தின் முதல் வகுப்பில், நடுவில் யன்னல் இல்லாத அறைகளுக்கு, வெளியில் பொருத்திய கமராவின் படத்தைக் காட்டுகிற செயற்கை யன்னல் வைத்தது. பெருங்காசு கொடுக்கிறவர் சுவரைப் பார்த்துக்கொண்டு வரக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள், நல்லது. அதே யோசனை 3,200 ரூபா கட்டியவருக்கும் வர வேண்டும்.

நான் கேட்பது இவைதான். யன்னலே இல்லாத ஒவ்வொரு இருக்கையையும் வரைபடத்தில் தெளிவாகக் குறியுங்கள், பயணி காசு கட்டுவதற்கு முன் தெரிகிற இடத்தில், தமிழிலும் சிங்களத்திலும்கூட. எங்களைப் போன்ற முகவர்களின் திரையிலும் அது வர வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உங்கள் இணையப் பக்கத்தைக் காண்பதே இல்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்த இருக்கைக்கு யன்னல் கட்டணம் வாங்காதீர்கள், இதுவரை வாங்கியதை முறைப்பாடு செய்தவர்களுக்காவது திருப்பிக் கொடுங்கள். யன்னல் பாதி மறைகிற வரிசைகளுக்கு வேறொரு குறி போடுங்கள், விலையையும் குறையுங்கள். விமானத்தை மாற்ற வேண்டி வந்து இருக்கை மாறினால், காசு கட்டி யன்னல் எடுத்தவரை முதலில் கவனியுங்கள். இருட்டாகும் கண்ணாடி உள்ள விமானங்களில், பகலில், ஏறி முதல் அரை மணித்தியாலமும் இறங்க முந்திய அரை மணித்தியாலமும் பூட்டைத் திறந்து விடுங்கள். உள்தகடு மங்கிப் போனால் பராமரிப்புப் பட்டியலில் எழுதி மாற்றுங்கள், மாற்றும் வரைக்கும் துடைத்தாவது வையுங்கள். வாடிக்கையாளருக்கு அனுப்புகிற பதிலில் "யன்னல் இருக்கை என்றால் சுவர்" என்கிற வசனத்தை நீக்குங்கள்.

எனக்கு மின்னஞ்சல் அனுப்பிய நிறுவனத்துக்கு மட்டும் ஒன்று. கண் வைத்தியர் வருகிற மாசி மாதம் அம்மாவைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அந்தக் காசை நீங்கள் திருப்பித் தராவிட்டாலும், காலை விமானத்தில் இடப்பக்கம், இறக்கைக்கு முன்னாலோ நன்றாகப் பின்னாலோ, உட்கார்ந்தபடி பார்த்தால் கண்ணுக்கு நேரே யன்னல் இருக்கிற வரிசை எது என்று ஓர் எண்ணை எழுதி அனுப்புங்கள். கட்டணத்தைக் கட்டி அதை எடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன், அம்மாவின் மற்றக் கண் மங்குவதற்கு முன் எனக்கு அது வேண்டும்.